கடலில்லாத மாவட்டத்திலிருந்து கப்பலுக்கு ஒரு மனு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய இரு மாவட்டங்களிலும் நாங்கள் சிலர் சேர்ந்து மக்களவைக்கு ஒரு மனு எழுதி, அதற்குக் கையெழுத்துத் திரட்டி வருகிறோம். கடற்படைக்கும் சரக்குப் போக்குவரத்துக்கும் வேண்டிய கப்பல்களை இந்நாட்டிலேயே, இடைவெளி விழாமல், தொடர்ந்து கட்ட வேண்டும் என்பதுதான் மனுவின் சாரம். எங்களில் கடற்படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் உண்டு. ஓசூரில் லேத் பட்டறை வைத்திருப்பவர்கள், மாங்கூழ் ஏற்றுமதியில் இருப்பவர்கள், பள்ளி ஆசிரியர்கள் உண்டு. இதை எழுதுகிற நான் பட்டறைக்காரன். வீடு வீடாகப் போகும்போதும் சந்தை நாளில் மேசை போட்டு உட்காரும்போதும் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும், நாங்கள் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். சில கேள்விகளுக்கு முதல் தடவை நாங்கள் திணறினோம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

கடலே இல்லாத ஊரில் இருந்துகொண்டு கப்பலைப் பற்றி உங்களுக்கு ஏன் கவலை?

ஒகேனக்கல் பரிசலைத் தவிர வேறு மிதக்கும் வாகனத்தை நம் ஊரில் பார்க்க முடியாது என்று ஒரு பெரியவர் சொல்லிச் சிரித்தார். உண்மைதான். ஆனால் கிருஷ்ணகிரியில் விளையும் பெங்களூரா மாங்காய் கூழாகி, டின்னில் அடைபட்டு, கன்டெய்னரில் ஏறி, சென்னைத் துறைமுகம் வழியாக வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறது. வெட்டியெடுத்த கிரானைட் கற்களும் கடல் வழியாகவே போகின்றன. நாட்டின் வெளிநாட்டு வணிகத்தில் அளவின்படி ஏறத்தாழ 95 சதவீதமும், மதிப்பின்படி ஏறத்தாழ 70 சதவீதமும் கடலில்தான் நடக்கிறது.

2023 நவம்பரில் செங்கடலில் ஏமன் நாட்டு ஹூதி படையினர் வணிகக் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியபோது, ஐரோப்பாவுக்குப் போக வேண்டிய கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு போயின. பயண நாளும் கன்டெய்னர் வாடகையும் சேர்ந்து ஏறின. ஆலைக்காரருக்கு வாடகை ஏறினால் அது கடைசியில் தோட்டத்துக்காரரின் மாங்காய் விலையில்தான் கழிக்கப்படும். அதே நாட்களில், 2024 ஜனவரியில், சோமாலியக் கடலுக்கு அப்பால் கடத்தப்பட்ட 'லீலா நார்ஃபோக்' என்ற சரக்குக் கப்பலில் இருந்த 21 பேரை மீட்டது ஐ.என்.எஸ். சென்னை, அவர்களில் 15 பேர் இந்தியர். அந்தப் போர்க்கப்பல் மும்பையில் கட்டப்பட்டது.

கடற்படையும் கடற்கரையோடு நின்றுவிடவில்லை. நாம் சென்னைக்கு ரயிலில் போகும்போது கடக்கிற அரக்கோணத்தில்தான் ஐ.என்.எஸ். ராஜாளி என்ற கடற்படை விமானத்தளம் இருக்கிறது. நீர்மூழ்கிகளைத் தேடும் பி-8ஐ விமானங்கள் அங்கிருந்து புறப்படுகின்றன.

சுதேசிக் கப்பலுக்கும் தருமபுரிக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, அதுவும் நாம் மறந்துவிட்ட தொடர்பு. பென்னாகரம் வட்டத்துப் பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவாவின் மணிமண்டபத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். அவர் வத்தலகுண்டில் பிறந்தவர், வ.உ.சிதம்பரனாரோடு தூத்துக்குடியில் மேடைகளில் முழங்கியதற்காக 1908இல் அவரோடு சேர்த்துத் தண்டிக்கப்பட்டவர். சிறையில் தொழுநோய் பற்றிய உடம்போடு வெளியே வந்து, கடைசிக் காலத்தில் பாப்பாரப்பட்டியில் பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்ப முனைந்தார். 1923இல் சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். 1925 ஜூலை 23 அன்று சிவா அங்கேயே மறைந்தார்.

வ.உ.சி. 1906 அக்டோபரில் பதிவு செய்த சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். அது தலா 25 ரூபாய் கொண்ட 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. பணக்காரர் பத்துப் பேரிடம் வாங்கியிருந்தால் வேலை எளிதாக முடிந்திருக்கும். ஆனால் பங்கை 25 ரூபாயாக வைத்ததால் சிறு வணிகர்களும் அதில் சேர முடிந்தது. தொடக்கத்தில் வாடகைக் கப்பல்களை வைத்துத்தான் ஓட்டினார். கப்பல் தந்தவர் வெள்ளைக்காரக் கம்பெனியின் நெருக்குதலுக்குப் பணிந்து அதைத் திரும்ப எடுத்துக்கொண்ட பிறகே, சொந்தக் கப்பல் இல்லாமல் பேச்சில்லை என்று பம்பாய்க்குப் போய், 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்களுக்கு ஏற்பாடு செய்தார். போட்டிக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்குக் குறைத்து, பிறகு இலவசமாகவே ஏற்றிக்கொண்டு கையில் குடையும் கொடுத்த கதை எல்லோருக்கும் தெரியும். 1908இல் வ.உ.சி. சிறைக்குப் போனார், சில ஆண்டுகளுக்குள் கம்பெனி கலைந்தது.

இதில் நாங்கள் கவனிப்பது ஒன்று. வாடகைக் கப்பலைக் கொடுத்தவர் பிடுங்கிக்கொண்டார். சொந்தக் கப்பலும் வெளிநாட்டில் கட்டி வாங்கியதுதான். இங்கே நவீனக் கப்பல் கட்டும் தளம் என்று ஒன்று அமைய மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. தொழிலதிபர் வால்சந்த் ஹிராசந்த் விசாகப்பட்டினத்தில் 1941இல் தொடங்கிய தளத்திலிருந்து 'ஜல உஷா' 1948 மார்ச்சில் நீரில் இறங்கியபோது அதை இறக்கி வைத்தவர் நேரு.

மனு சரியாக என்ன கேட்கிறது?

நான்கு கோரிக்கைகள் உள்ளன. அவற்றில் முதலாவதே முதன்மையானது. மற்ற மூன்றும் அதைத் தாங்கி நிற்பவை. முதலாவதாக, அடுத்த 15 ஆண்டுகளில் எந்த வகைக் கப்பல் எத்தனை, எந்த ஆண்டில் ஆர்டர் தரப்படும் என்பதற்கு, இரகசியம் கெடாத அளவில், ஒரு கால அட்டவணையை அரசு நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். அதிலிருந்து எங்கே விலகினார்கள், ஏன் விலகினார்கள் என்பதை ஆண்டுதோறும் சொல்ல வேண்டும். அடுத்து, போர்க்கப்பலுக்குக் கொடுக்கும் கவனத்தைச் சரக்குக் கப்பலுக்கும் எண்ணெய்க் கப்பலுக்கும் கொடுக்க வேண்டும். மூன்றாவது, ஓசூர் போன்ற உள்நாட்டுத் தொழில் நகரங்களில் கப்பல் உதிரிபாகங்களைச் சோதித்துச் சான்று தரும் வசதி வேண்டும். நான்காவது, சிறு பட்டறைகளுக்கு உரிய பணம் 45 நாளில் கைக்கு வர வேண்டும். இது ஏற்கெனவே சட்டத்தில் இருப்பதுதான்.

இத்தனை கப்பல் வேண்டும், இன்ன ஏவுகணை வேண்டும் என்றெல்லாம் நாங்கள் எழுதவில்லை. அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் கடற்படையில் இருக்கிறார்கள்.

இடைவெளி, இடைவெளி என்கிறீர்களே, அதில் அப்படி என்ன கெடுதல்?

கொத்தனார் ஒரு வீட்டை முடித்தால் அடுத்த தெருவில் வேறு வீட்டுக்குப் போகலாம். நீர்மூழ்கியின் உடலைப் பற்றவைக்கக் கற்றவருக்கு அடுத்த தெரு என்று ஒன்று கிடையாது. ஒரே ஒரு தளம், ஒரே ஒரு வாடிக்கையாளர். அங்கே ஆர்டர் நின்றால் அவர் எண்ணெய்க் குழாய் வேலைக்கோ துபாய்க்கோ போய்விடுவார். பத்து ஆண்டு கழித்துக் கூப்பிட்டால் கையும் வராது, ஆளும் வரமாட்டார்.

நடந்ததைச் சொல்கிறேன். 1981 டிசம்பரில் மேற்கு ஜெர்மனியின் எச்.டி.டபிள்யூ. நிறுவனத்துடன் நான்கு நீர்மூழ்கிகளுக்கு ஒப்பந்தமானது. இரண்டு அங்கே கட்டப்பட்டன. மற்ற இரண்டையும், நம் ஆட்கள் ஜெர்மனிக்குப் போய்ப் பயிற்சி பெற்று வந்து, மும்பை மசகான் தளத்தில் கட்டினார்கள். அவை 1992இலும் 1994இலும் ஐ.என்.எஸ். ஷல்கி, ஐ.என்.எஸ். ஷங்குல் என்ற பெயர்களில் படையில் சேர்ந்தன. அதற்குள் ஒப்பந்தத்தில் தரகுப் பணம் கைமாறியதாக 1987இல் குற்றச்சாட்டு எழுந்து, மேற்கொண்டு கட்டும் பேச்சு நின்றுபோயிருந்தது. அடுத்த ஒப்பந்தம், பிரெஞ்சு ஸ்கார்ப்பீன் வகையில் ஆறு நீர்மூழ்கிகளுக்கு, 2005இல்தான் கையெழுத்தானது. அவற்றில் முதலாவதான ஐ.என்.எஸ். கல்வரி 2017 டிசம்பரில் படையில் சேர்ந்தது. ஷங்குலுக்கும் கல்வரிக்கும் நடுவே 23 ஆண்டுகள். தவறு செய்தவர்களைத் தண்டிப்பது வேறு, கட்டும் வரிசையையே மூடிவிடுவது வேறு. நாம் இரண்டாவதைச் செய்து, கற்ற வித்தையைத் திரும்ப முதலிலிருந்து கற்றோம்.

திட்டம் இல்லாமலும் இல்லை. 2030க்குள் 24 நீர்மூழ்கிகள் என்று முப்பதாண்டுத் திட்டம் ஒன்றுக்கு 1999இலேயே ஒப்புதல் தரப்பட்டது. அந்த வரிசையில் 2025 ஜனவரியில் ஆறாவதான ஐ.என்.எஸ். வாக்ஷீர் சேர்ந்ததுடன் கணக்கு ஆறில் நிற்கிறது.

இன்னொரு கதை கடற்கண்ணி அகற்றும் கப்பல்களுடையது. துறைமுக வாயிலில் எதிரி கண்ணிவெடிகளைப் போட்டுவிட்டால் எந்தப் பெரிய கப்பலும் வெளியே போக முடியாது. அவற்றைத் தேடி அகற்றத் தனிக் கப்பல் வேண்டும், அதன் உடல் காந்தத்துக்கு அகப்படாத பொருளால் ஆனதாக இருக்க வேண்டும். நம்மிடம் சோவியத் நாட்டிலிருந்து வாங்கிய 12 கப்பல்கள் இருந்தன. ஐ.என்.எஸ். கடலூர் 2018 மார்ச்சிலும், கடைசிக் கப்பலான ஐ.என்.எஸ். கோழிக்கோடு 2019 ஏப்ரலிலும் ஓய்வு பெற்றன. அவற்றுக்கு மாற்றாகத் தென்கொரிய நிறுவனத்தின் உதவியோடு கோவா தளத்தில் 12 கப்பல்களைக் கட்டுவதற்கான, சுமார் 32,000 கோடி ரூபாய்ப் பேச்சுவார்த்தை ஆண்டுக்கணக்கில் இழுத்து, 2018 ஜனவரியில் கைவிடப்பட்டது. பழையவை போகும் நாள் எல்லோருக்கும் முன்பே தெரியும். ஆனாலும் புதியவை வரவில்லை.

என் பட்டறைக் கதை இவற்றின் பக்கத்தில் வைக்கத் தகாத அளவு சிறியது, ஆனாலும் அது இதே கதைதான். சில ஆண்டுகளுக்கு முன், கப்பல் தளங்களுக்கு வால்வு கொடுக்கும் ஒரு நிறுவனம் எனக்கு நிக்கல் அலுமினிய வெண்கலத்தில் வால்வுத் தண்டுகள் கடையும் வேலை கொடுத்தது. கடல்நீரில் அரிக்காத உலோகம் அது. கடைவதற்குப் பொறுமை வேண்டும். பிடிப்புச் சாதனங்களைப் புதிதாகச் செய்தேன், உலோகச் சோதனைக்குப் பெங்களூருக்கு நாலு முறை போனேன், ஒரு பையனுக்கு அந்த வேலையை மட்டும் மூன்று மாதம் பழக்கினேன். முதல் தொகுதி தேறியது. பணம் எட்டு மாதம் கழித்து வந்தது. இரண்டாவது ஆர்டர் வரவே இல்லை. காரணம் கேட்டபோது, மேலே இன்னும் முடிவாகவில்லை என்றார்கள். அந்தப் பையன் இப்போது வேறொரு ஆலையில் இருசக்கர வாகனத்துக்குப் பாகம் கடைகிறான்; அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விக்ராந்தையே கட்டிவிட்டோமே, இன்னும் என்ன குறை?

விக்ராந்த் பெருமைக்குரியதுதான், அதைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எங்களுக்கு உடன்பாடு இல்லை. 262 மீட்டர் நீளமுள்ள அந்த விமானம் தாங்கிக் கப்பலைக் கொச்சித் தளம் கட்டி, 2022 செப்டம்பர் 2 அன்று படையில் சேர்த்தது. வெளிநாட்டு எஃகு கிடைக்காமல் போனபோது பாதுகாப்பு ஆய்வுக்கூடமும் அரசு உருக்கு நிறுவனமான செயிலும் சேர்ந்து போர்க்கப்பலுக்கான எஃகை இங்கேயே உருவாக்கியதும், சுமார் 30,000 டன் எஃகை செயில் வழங்கியதும் அந்தக் கப்பலைவிடப் பெரிய வெற்றி என்று நான் சொல்வேன். நம் அண்டை வீடான சேலம் உருக்காலைக்கு அதில் பங்கிருக்கும் என்று ஆசையோடு தேடினேன். பிலாய், பொகாரோ, ரூர்கேலா ஆலைகளின் வேலை அது.

ஆனால் அதே கப்பலுக்கு 2003இல் ஒப்புதல் தரப்பட்டபோது மதிப்பீடு 3,261 கோடி ரூபாய்; முடிந்தபோது ஏறத்தாழ 20,000 கோடி. வேலையின் அளவும் விலைவாசியும் ஏறியது ஒரு பங்கு என்றால், காத்துக் கிடந்த காலம் மறு பங்கு.

கப்பலின் பாகங்களைக் கடற்படையினர் மிதப்பவை, இயக்குபவை, போரிடுபவை என்று மூன்றாகப் பிரித்துப் பேசுவார்கள். மிதப்பவற்றில், அதாவது உடலிலும் அதன் பொருத்துகளிலும், ஏறத்தாழ 90 சதவீதம் உள்நாட்டுப் பொருளாகிவிட்டது. இயந்திரத்திலும் ஆயுதத்திலும் அந்த அளவு வரவில்லை. விக்ராந்தை ஓட்டும் நான்கு எரிவாயுச் சுழலிகளும் அமெரிக்க வடிவமைப்பு. நம்முடைய பல அழிப்புக் கப்பல்களில் இருப்பவை உக்ரைனில் செய்தவை. ரஷ்யாவில் கட்டி 2024 டிசம்பரில் நாம் பெற்றுக்கொண்ட ஐ.என்.எஸ். துஷில் கப்பலுக்கு, உக்ரைன் இயந்திரத்தை ரஷ்யா நேரடியாக வாங்க முடியாத நிலையில், நாம் வாங்கி ரஷ்யாவிடம் கொடுக்க நேர்ந்தது. ஒரு போர்க்கப்பலுக்காக, சண்டையில் இருக்கும் இரு நாடுகளுக்கு நடுவே நாம் தரகு வேலை பார்த்தோம் என்பதைவிட இதைச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

சரக்குக் கப்பல் கட்டுவதில் நம் நிலை இன்னும் மோசம். உலகில் கட்டப்படும் கப்பல்களில் 90 சதவீதத்துக்கும் மேல் சீனா, தென்கொரியா, ஜப்பான் மூன்றும் கட்டுகின்றன. நம் பங்கு 1 சதவீதத்துக்கும் வெகுவாகக் கீழே. தென்கொரியாவின் உல்சான் தளம் 1972இல்தான் வேலை தொடங்கியது. விசாகப்பட்டினம் அதற்கு மூத்தது.

ஒன்றிய அரசு ஏற்கெனவே பெரிய திட்டம் அறிவித்துவிட்டதே?

அறிவித்திருக்கிறது, நாங்கள் வரவேற்கிறோம். 2025 செப்டம்பர் 24 அன்று அமைச்சரவை ஒப்புதல் தந்த கப்பல் கட்டும் திட்டத்தின் மொத்தம் 69,725 கோடி ரூபாய். தளங்களுக்கான நிதியுதவி 2036 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டது. 25,000 கோடியில் கடல்சார் வளர்ச்சி நிதி அமைகிறது. கட்டும் திறனை ஆண்டுக்கு 45 லட்சம் டன் கொள்ளளவுக்கு உயர்த்துவது இலக்கு. வெளிநாட்டுக் கப்பல் நிறுவனங்களுக்கு நாம் ஆண்டுதோறும் சுமார் 6 லட்சம் கோடி ரூபாய் வாடகையாகக் கொடுக்கிறோம் என்று அதே மாதத்தில் பிரதமரே சொன்னார்.

மனு தேவைப்படுவது இதனால்தான். பணம் ஒதுக்கும் அறிவிப்பு ஒரு நாள் செய்தி. ஆர்டர் ஒழுங்காக வருகிறதா என்பது பதினைந்து ஆண்டு வேலை. 1999 திட்டத்துக்கு நேர்ந்தது இதற்கும் நேராமல் இருக்க, கேள்வி கேட்க ஆள் வேண்டும்.

குடிதண்ணீருக்கே அல்லாடும் மாவட்டம் இது. கப்பலுக்குக் கொட்டும் பணத்தை இங்கே கொட்டச் சொல்லிக் கேட்கலாமே?

பென்னாகரம் சந்தையில் ஓர் அம்மா கேட்ட கேள்வி இது. மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. ஃபுளோரைடு கலந்த நீரால் பல்லும் எலும்பும் கெட்ட தலைமுறைகள் இரு மாவட்டங்களிலும் உண்டு. அதற்காக ஜப்பானியக் கடனுதவியோடு 2013இல் செயலுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டத்தின் செலவு சுமார் 1,928 கோடி ரூபாய். அன்றைய விலைக்கும் இன்றைய விலைக்கும் உள்ள வேறுபாட்டை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், ஒரு விக்ராந்தின் பணத்தில் அப்படிப் பத்துத் திட்டங்கள் செய்யலாம். இந்தக் கணக்கை நாங்களே எங்கள் கையால் போட்டுப் பார்த்தோம்.

மனுவில் கூடுதல் பணம் கேட்கவில்லை என்பதே எங்கள் பதில். 2025-26இல் பாதுகாப்புத் துறைக்கு 6.81 லட்சம் கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். நாங்கள் கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் அது செலவாகப் போகிற பணம். 3,261 கோடி 20,000 கோடியாக ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அந்தப் பணத்தில் கூலியாகிற பங்கு இந்நாட்டில் கூலியாகட்டும் என்றுதான் கேட்கிறோம். இதற்கு மேலும் மனம் ஒப்பாதவர்கள் கையெழுத்திட வேண்டாம். அந்த அம்மா கையெழுத்திடவில்லை. அவர் சொன்னதில் நியாயமில்லை என்று எங்களில் யாரும் சொல்லவுமில்லை.

இது போர்வெறி ஆகாதா?

ஆகாது. மனுவில் எந்த நாட்டின் பெயரும் எதிரி என்று எழுதப்படவில்லை. பாதி மனு சரக்குக் கப்பலைப் பற்றியது.

இராமேசுவரம் மீனவர்கள் பிடிபடும்போது வராத கடற்படைக்கு நாம் ஏன் குரல் கொடுக்க வேண்டும்?

இந்தக் கோபம் எங்களுக்கும் உண்டு. 1974, 1976 ஆண்டுகளின் இந்திய, இலங்கை ஒப்பந்தங்கள் வரைந்த எல்லைக்கோட்டையொட்டி நடக்கும் கைதுகளும் படகுப் பறிமுதலும் அரசுகள் பேசித் தீர்க்க வேண்டியவை. போர்க்கப்பலின் எண்ணிக்கை கூடினால் அவை தீரும் என்று நாங்கள் சொன்னால் அது பொய். எனவே மனுவில் அதைச் சேர்க்கவில்லை.

ஆனால் மீனவர்களைப் பற்றி ஒரு வரி சேர்த்திருக்கிறோம். புதிய கட்டும் தளங்கள் அமைவது கடற்கரையில்; அங்கே படகு நிறுத்தும் இடமும் வலை காயப்போடும் மணலும் யாருடையவை என்பது நமக்கு இங்கிருந்து தெரியாது. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தைப் பழவேற்காட்டு மீனவர்கள் ஏன் எதிர்த்தார்கள் என்று படித்த பிறகு, மீனவர் சம்மதமும் இழப்பீடும் இல்லாமல் எந்தத் தளமும் விரிவாகக் கூடாது என்று எழுதினோம். எங்களில் இருவர் இது மனுவின் வலிமையைக் குறைக்கும் என்றார்கள். பெரும்பான்மை சேர்க்கச் சொன்னது.

ஓசூர்ப் பட்டறைகளுக்கு இதில் உண்மையிலேயே வேலை உண்டா?

உண்டு, ஆனால் தானாக வராது. விக்ராந்த் கட்டியபோது கொச்சித் தளத்துக்குள் சுமார் 2,000 பேரும், வெளியே துணைத் தொழில்களில் சுமார் 12,500 பேரும் வேலை பெற்றதாக அரசு கணக்குச் சொல்கிறது. வெளியே இருப்பது உள்ளே இருப்பதைப்போல் ஆறு மடங்கு. பம்பு, வால்வு, குழாய் இணைப்பு, மின்பலகை, கதவு, காற்றோட்ட விசிறி இவையெல்லாம் கடலோரத்தில்தான் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனையங்களில் சென்னை, கோவை, சேலம், திருச்சி ஆகியவற்றோடு ஓசூரும் ஒன்று. அது தொடங்கப்பட்டது 2019 ஜனவரியில். நம் மாநிலத்திலேயே காட்டுப்பள்ளியில் எல் அண்ட் டி தளம் இருக்கிறது. 2025 ஜூனில் படையில் சேர்ந்த, நீர்மூழ்கி எதிர்ப்புக் கப்பலான ஐ.என்.எஸ். அர்னாலா அங்கே கட்டப்பட்டதுதான்.

கதவு திறந்திருந்தாலும் உள்ளே போகும் வழி குறுகல். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு, அரசுக் கொள்முதலுக்கான ஜெம் இணையதளத்தில் பதிவு, தரச்சான்று என்று ஏற வேண்டிய படிகள் பல. மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் தம் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைச் சிறு, குறு நிறுவனங்களிடமிருந்து வாங்க வேண்டும் என்ற விதியும், 45 நாளுக்குள் பணம் தராவிட்டால் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி தர வேண்டும் என்று சொல்லும் 2006ஆம் ஆண்டுச் சட்டமும் நம் பக்கம்தான் இருக்கின்றன. இருந்தும் அந்த வட்டியைக் கேட்டு வாங்கிய பட்டறைக்காரர் எவரையும் நான் சந்தித்ததில்லை. கேட்டால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயம். எனக்குக் கேட்காமலேயே வரவில்லை.

நம் பிள்ளைகள் இதில் என்ன படிக்கலாம்?

ஐ.டி.ஐ.யில் வெல்டர், ஃபிட்டர், மெஷினிஸ்ட் படித்தவர்களைக் கடற்படைத் தளங்களும் கப்பல் தளங்களும் பழகுநர்களாக எடுக்கின்றன. பொறியியல் என்றால், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம், சென்னை ஐ.ஐ.டி.யின் கடல் பொறியியல் துறை, கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் கப்பல் வடிவமைப்பு தொடர்பான படிப்புகள் உள்ளன.

ஊருக்கு ஊர் நிதி திரட்டி நாமே ஒரு கப்பல் வாங்கித் தரலாமே?

காரிமங்கலத்தில் ஓர் இளைஞர் உற்சாகமாகக் கேட்டார். வ.உ.சி. செய்தது அதுதானே என்று அவர் நினைத்திருக்கலாம். உலகில் இது நடந்தும் இருக்கிறது. சுவீடனில் அரசு ஒரு போர்க்கப்பலை ஒத்திப்போட்டபோது, 1912இல் பொதுமக்களே சில மாதங்களில் ஒன்றரைக் கோடிக் குரோனாவுக்கும் மேல் திரட்டினார்கள். அந்தக் கப்பல் அவர்கள் நாட்டிலேயே கட்டப்பட்டு, 'ஸ்வேரியே' என்று நாட்டின் பெயரையே பெற்றது. துருக்கியிலும் மக்கள் அதே காலத்தில் பணம் கொடுத்தார்கள். ஆனால் கப்பல்கள் இங்கிலாந்தில் கட்டப்பட்டன. 1914 ஆகஸ்டில் போர் மூண்டதும் இங்கிலாந்து அந்த இரண்டு கப்பல்களையும் தானே எடுத்துக்கொண்டது.

ஆனாலும் நாங்கள் பணம் திரட்டவில்லை, திரட்டவும் மாட்டோம். இன்று ஒரு போர்க்கப்பலின் விலை மக்கள் சில்லறையில் அடங்காது. பணம் வந்த இடத்தில் கணக்குச் சண்டையும் வரும். எங்கள் பெயரைச் சொல்லி யாராவது ரசீது நீட்டினால் வாங்காதீர்கள்.

மனு எந்த மொழியில் இருக்கிறது? கைநாட்டு வைக்கலாமா?

தமிழில் எழுதப்பட்டு, ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்கப்பட்டிருக்கிறது. இந்தி, ஆங்கிலம் அல்லாத மொழியில் மனுக் கொடுத்தால் மொழிபெயர்ப்பும் சேர்த்துத் தர வேண்டும் என்பது மக்களவை விதி. எழுதத் தெரியாதவர்கள் பெருவிரல் ரேகை வைக்கலாம். பெயரும் முழு முகவரியும் வேண்டும். மனுவின் நடை மரியாதையாக, நிதானமாக இருக்க வேண்டும் என்பதும் விதியே. எங்கள் முதல் வரைவில் இருந்த இரண்டு சூடான வாக்கியங்கள் இதனால் போயின, போனதும் நல்லதுதான்.

மக்களவையில் மனுவை முன்வைக்கும் உறுப்பினர் அதில் மேலொப்பமிட வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளும் ஒரே மக்களவைத் தொகுதியில் அடங்குவதால் அங்கே குழப்பமில்லை. தருமபுரி மக்களவைத் தொகுதியில் சேலம் மாவட்டத்து மேட்டூரும் சேர்கிறது. மேட்டூர் நண்பர்கள் தருமபுரிப் படிவத்தில் கையெழுத்திடலாம். அவையில் வைக்கப்பட்ட மனு, மனுக்கள் குழுவுக்குப் போகும். குழு அமைச்சகத்திடம் விளக்கம் கேட்டு அறிக்கை தரலாம்.

மனு கொடுத்தால் மட்டும் நடந்துவிடுமா?

மனு ஒன்றே போதாது. எனவே வேறு இரண்டு வழிகளையும் சேர்த்து நடத்துகிறோம். ஒன்று, நம் உறுப்பினர்கள் வழியாக நாடாளுமன்றக் கேள்விகள்: கடற்கண்ணிக் கப்பல்களுக்கு அடுத்த கட்டம் என்ன, ஓசூர் முனையத்தில் சோதனைக்கூடம் எப்போது என்பன போன்று, பதில் தவிர்க்க முடியாதபடி குறுகலாகக் கேட்கச் சொல்லி எழுதித் தருகிறோம். மற்றொன்று தகவல் அறியும் உரிமைச் சட்டம்: 10 ரூபாய்க் கட்டணம், 30 நாள் கெடு. பாதுகாப்பு இரகசியங்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் சிறு நிறுவனங்களுக்கு நிலுவையில் உள்ள தொகை எவ்வளவு என்பது எந்த எதிரிக்கும் உதவாத தகவல். அதைத்தான் கேட்கிறோம்.

எங்கள் ஊராட்சியில் கிராம சபைத் தீர்மானம் போட்டால் பயன்படுமா?

பயன்படும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் சபைகளில் இதைப் பொருளாக வைக்க, ஊராட்சி அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். ஒன்றிய அரசை அந்தத் தீர்மானம் கட்டுப்படுத்தாது. என்றாலும் ஓர் ஊரே கூடி ஒப்புக்கொண்டது என்பதை உறுப்பினர் எவரும் லேசாக ஒதுக்கிவிட மாட்டார். தீர்மான நகலை மனுவோடு சேர்த்துத் தைத்துவிடாதீர்கள்; மனுவுடன் வேறு கடிதமோ ஆவணமோ இணைக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அதைத் தனி உறையில் போட்டு, உறுப்பினரின் அலுவலகத்தில் நேரில் கொடுத்து, இரண்டாவது படியில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.